தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜூலை 9

எதுவும் காயவில்லை. விடுதி அறையில் கட்டிய கொடியில் நேற்றைய ஈரம் இன்றும் சொட்டுகிறது. வரைபடத்தில் சாலை என்று இருப்பது நேரில் செம்மண் குழம்பு. என் கணவன் வாசலில் உட்கார்ந்து ஜீப் சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். பொறுமையாக.

மழைக்காலத்தில் இந்தக் காட்டுக்குள் ஒன்றிரண்டு லாரி தவிர யாரும் வண்டி ஓட்டுவதில்லை. அதனால்தான் வந்தோம். கிளம்பும்போது சொன்னான்: "ஊர் வந்து சேர்றதுக்குள்ள முடிவு பண்ணு. என்கூட இருக்கியா, இல்லியான்னு. நான் தொணதொணக்க மாட்டேன்."

தொணதொணக்கவில்லை. அந்த மட்டில் நல்லவன்.

யோசித்தேனா? வைப்பர் போய் வருவதைப் பார்த்தேன்.

ஜூலை 10

மழை. அட்டை. மழை.

ஜூலை 12

ஜீப் புதைந்தது. பின்னால் வந்த லாரி கயிறு கட்டி இழுத்தது. லாரி டிரைவருக்கு வாய் ஓயாது. "வண்டி சேத்துல மாட்டுனா இழுத்துடலாம் சார். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இப்படி உம்முனு இருந்தா எந்தக் கயித்தப் போட்டு இழுக்கிறது?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஒருவரையொருவர் பார்க்காமல்.

ஜூலை 13

இதை எழுதியாக வேண்டும்.

காட்டின் கடைசி ஆறு. தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர். தாண்டினால் தார்ச்சாலை, நாளைக்கு ஊர். நேற்றிலிருந்து கூடவே வரும் லாரி டிரைவர் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்தார். "வடியட்டும் சார். அவசரம்னா தங்கச்சி என் லாரில ஏறிக்கட்டும். உசரம்."

காத்திருப்பது அவனுக்கு ஆகாது. என்னைப் பார்த்துச் சொன்னான்: "நீ லாரில வா. நாங்க முதல்ல தாண்டிடுறோம்."

"நாங்களா? யாரு?"

"நானும் வண்டியும்."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியாம்மா, உனக்குச் சக்களத்தி வந்தாச்சு!"

வாய் தவறி வந்தது, தெரியும். கல்லூரிக் காலத்திலிருந்தே என்னிடம் அவனுக்கு 'நாம' என்றுதான் வரும். சண்டையில்கூட "நாம ஏன் இப்படி ஆயிட்டோம்" என்பான். இன்று அந்த வார்த்தைக்குள் நான் இல்லை. வலிக்கும் என்று காத்திருந்தேன். வலிக்கவில்லை.

லாரியில் உட்கார்ந்து பார்த்தேன். ஆற்றின் நடுவில் ஜீப் நின்றுவிட்டது. பின்பக்கம் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. "ஐயோ, ஐயோ" என்று டிரைவர் ஹாரனை அடித்தார். நான் நினைத்தது — என் பை. பின்சீட்டில் என் பை இருக்கிறதே, நனைந்துவிடுமே.

பிறகுதான் உள்ளே அவன் இருப்பது ஞாபகம் வந்தது. பிறகுதான்.

எஞ்சின் உறுமி, எப்படியோ ஏறிவிட்டான். அக்கரையில் நின்று கையை ஆட்டினான்.

என்ன மனுஷி நான்?

ஜூலை 14

ஊர். சர்வீஸ் நிலையத்தில் ஜீப்பை மேடையில் ஏற்றித் தண்ணீர் பீய்ச்சினார்கள். செம்மண் வழிந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில்தான் சொன்னேன். "என்னால முடியல."

"என்னது?"

"முடியலடா."

கேட்டுவிட்டது. ஜீப்பையே பார்த்தபடி சொன்னான்: "சரி. அம்மாகிட்ட நானே சொல்றேன். கொஞ்சம் டைம் குடு. அவங்களுக்கு உன்ன…"

முடிக்கவில்லை. நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 15

தூங்கினேன்.

ஜூலை 19

போனில் அத்தை, அவனுடைய அம்மா. "வந்து சேந்ததும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அவன் போனே எடுக்க மாட்டேங்கிறான். எங்க அவன்?"

இன்னும் சொல்லவில்லை போல.

"குளிக்கிறார் அத்தை."

"இந்நேரத்துலயா? சளி புடிச்சுக்கப் போகுது. ஒழுங்கா சாப்பிடுறானா?"

"சாப்பிடுறார்."

பேசிக்கொண்டே குளியலறைக்குப் போனேன். அத்தைக்குக் கேட்கட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டேன்.

"சரிம்மா, ரெண்டு பேரும் பத்திரமா வந்துட்டீங்கல்ல. அது போதும்."

போனை வைத்த பிறகும் குழாயை மூடவில்லை. வாளி நிரம்பி வழிந்தது. கதவுக்கு வெளியே, அவன் குளித்துவிட்டு வரக் காத்திருப்பவள் போல நின்றுகொண்டிருந்தேன்.