ஆலாக்கள் உட்கார்ந்த இடம்

1911, ஹஜ்ஜு மாதம், பிறை 3

காலையிலேயே உம்மாவுடன் சண்டை. மாவு இடிக்க ஆள் வந்து நிற்கிறது, நீ மாடியில் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நில் என்றாள். நின்றேன். என்னைக் கட்டிய மச்சான் கொழும்புக்குப் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. பெருநாளைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தோணி ஏறிய மனிதர். பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

பிறை 5

மழை. கடலும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

பிறை 6

கொழுந்தன் தாஜ் முகம்மது வந்தார். தோணி கொழும்பை விட்டுப் புறப்பட்டு நாலு நாளாகிறது என்று தந்தி வந்ததாம். காற்று சரியாக இருந்தால் இரண்டு நாள் வழி. இதை என்னிடம் எதற்குச் சொன்னார்? சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பிறை 7

விடியும்போது நல்ல வெயில். மச்சான் விட்டுவிட்டுப் போன, தூரத்தைக் கிட்டக் காட்டும் கப்பல் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடியில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். புன்னைக்காயல் பக்கம் ஆற்றுவாயிலிருந்து செந்தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் ஓடியிருந்தது. கரையில் உள்ளான் குருவிகள் அலை போனால் பின்னாலேயே ஓடுவதும், வந்தால் திரும்பி ஓடுவதுமாக இருந்தன. நானும் இரண்டு மாதமாக இந்த வேலைதான் பார்க்கிறேன்.

உச்சிக்குள் கறுத்து ஒரு மழை. பிறகு வெயில். மறுபடி மழை. பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வானம் வெளுத்தபோது கிழக்கே ஆலாப் பறவைகள் தெரிந்தன. ஒன்றிரண்டு அல்ல, பெருங்கூட்டம், ஒரே இடத்தின் மேல். தோணிக்காரர்கள் மீனை அறுத்துக் குடலைக் கடலில் எறிவார்கள், அதற்குப் பறவைகள் கூடவே வரும், பாய் கண்ணில் படுமுன்பே அவை தெரியும் — இது மச்சான் சொல்லித் தந்தது. கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். வெட்கங்கெட்டவள் என்று சொல்லிக்கொண்டே உம்மா அரிசி களையப் போனாள்.

கொழுந்தன் வள்ளம் எடுத்துக்கொண்டு போனார். நான் குளித்துச் சிவப்புப் பட்டுச் சேலையை உடுத்தினேன். மறுபடி கண்ணாடியில் பார்த்தபோது ஆலாக்கள் பறக்கவில்லை, வரிசையாக உட்கார்ந்திருந்தன. மழையில் களைத்துப்போய்த் தோணியில் உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். பாய் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. ஆள் நடமாடுகிற தோணியில் எந்தப் பறவை அப்படி வரிசையாக உட்காரும்? என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பிறகு கொழுந்தன் வந்து முற்றத்திலேயே நின்றார்.

"தோணி கவுந்து கெடக்கு மச்சி. முன்பக்கத்துச் செம்புத் தகடு நம்மதுதான். ஆளு யாரையும் காணல."

பட்டுச் சேலையை மாற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அதோடேயே கிடந்தேன்.

பிறை 9

தோணி ஓட்டிய தண்டல் மணப்பாட்டுக் கரையில் உயிரோடு ஒதுங்கியிருக்கிறார். மச்சான் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தாராம். இவர் மட்டும் ஏன் பிழைத்தார்? அல்லாஹ் மன்னிக்கட்டும். அப்படித்தான் நினைத்தேன்.

பிறை 10

பெருநாள். தெருவெல்லாம் தக்பீர் முழக்கம். எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பிறை 11

புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். கருகமணியை உம்மாதான் கழற்றினாள்.

மச்சானின் உம்மா, ஜமீலா பீவி மாமி, இத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தன் வீட்டிலிருந்து தினமும் வந்து, துக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் பாய் விரித்தார்கள், அவர்களோடு வந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். கல்நெஞ்சு என்று நானே நினைத்தேன். இன்று எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"முழுகாம இருக்கியாளா? அவன் போயி ரெண்டு மாசந்தானே ஆவுது."

வயிற்றில் பிள்ளை இருந்தால் பெறும்வரை இத்தா. இல்லாவிட்டால் நான்கு மாதம் பத்து நாள். அந்தக் கணக்குக்காகத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, இதை நம்பித்தான் இத்தனை நாளும் அழாமல் இருந்திருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா? வாய்வரை வந்தது. சொன்னாலும் எத்தனை நாளைக்கு?

"இல்ல மாமி. போன மாசக் கடைசியிலயும் தூரமாகித் தொழுகை இல்லாமத்தான் இருந்தேன்."

மாமி என் மடியில் கவிழ்ந்து அழுதார்கள். அந்த அழுகையை என்னால் அடக்க முடியவில்லை.

பிறை 12

பள்ளிவாசல் ஆலிம் கணக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு நான்கு மாதம் பத்து நாள் போதுமாம்.