டீச்சர் என்னிடம் கேட்டது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டர் பேசியதைத் தமிழில் சொன்னவளே நான்தான், அதனால் நம்பலாம்.

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு சின்ன விஷயம். ஆஸ்பத்திரி, வீட்டு ஓனர், அம்மா வேலை செய்யும் சலவைக்கூடம் என்று இந்த ஊர்ப் பாஷை வராத அம்மாவுக்குத் துணையாகப் போனதில் இந்த மாதம் எனக்குப் பதினோரு நாள் பள்ளிக்கூடம் தவறிவிட்டது. டீச்சர் அம்மாவை வரச் சொன்னார். அங்கேயும் நடுவில் நான்தான். என்மேல் சொன்ன புகாரை நானே ஒரு வரி விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். இந்தக் கூத்து வேறு யாருக்கு வாய்க்கும்? "எனக்கு வாயும் காதும் நீதான்னு சொல்லுடி" என்றாள் அம்மா. அதையும் சொன்னேன்.

பிறகு டீச்சர் என்னையே பார்த்து, "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றார். நான் பழக்கதோஷத்தில் அம்மா பக்கம் திரும்பி, "உனக்கு என்ன வேணும்னு கேக்கறாங்கம்மா" என்றேன்.

"எனக்கென்னடி வேணும், நீ கூட இருந்தா போதும்."

அதை டீச்சரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான், கேள்வி எனக்கு என்பதே உறைத்தது. எரிச்சலில் மீதி வழியெல்லாம் அம்மாவிடம் பேசவில்லை. ஏன் என்று பாவம் அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போனில் "அம்மா மாத்திரை போட்டாளா" என்று என்னிடம் கேட்காதீர்கள் அப்பா. அவளுக்குத் தமிழ் தெரியும், அவளிடமே கேளுங்கள். என்னிடம் வேறு ஏதாவது கேளுங்கள். பதில் யோசித்து வைக்கிறேன்.

வாசலில் யாரோ வந்து ஏதோ சொல்கிறார்கள். அம்மா கூப்பிடுகிறாள், போகிறேன்.

உங்கள் மகள்