பாலத்தை மறுபடியும் மூடச் சொன்னேன்

அன்பு மகள் விதாத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மாவும் நானும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றிக் கேட்காதே. மொன்றியலில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க அல்லாஹ் துணை. போனில் நீ என்னைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் உம்மா பேச்சை மாற்றுகிறாள் என்று குறைப்பட்டாயாம். நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். பேசினால் குரல் உடைந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் நான் நம் பாலத்தை மூட வைத்தது உனக்குத் தெரியும். பாலத்தைத் தாங்கும் இரும்பு வடங்களைச் சுற்றி நாங்கள் மாட்டியிருக்கும் கம்பிச்சுருளைச் சின்ன வயதில் வளையல் என்பாயே, அதுதான் சொன்னது. இழுப்பு மாறினால் இரும்பின் காந்த குணமும் மாறும், சுருள் அதைப் படிக்கும். ஒரு வடத்தில் இழுப்பு ரொம்பக் குறைவு என்று காட்டியது, மூடச் சொன்னேன். அந்த வாரம் கீழ்வீட்டு மெஸ்ஊதுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரி கண்ணெதிரே அக்கரையில், ஆம்புலன்ஸோ பள்ளத்தாக்கைச் சுற்றிப் போய் ரயிலடி நெரிசலில் மாட்டிக்கொண்டது, வழியிலேயே மவுத்தாகிவிட்டார். பிறகு வடத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. பாலத்தை மூடுவதற்குச் சற்று முன்தான் ஒப்பந்தக்காரர்கள் அந்த வடத்தைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதே ஆலை இரும்புதான் என்றார்கள், நம்பிப் பழைய கணக்கை வைத்தே படித்தோம். வந்ததோ வேறு ஆலை இரும்பு. இரும்பு மாறினால் அதில் ஒரு துண்டை இழுத்துப் பார்த்துப் புதுக் கணக்குப் போட வேண்டும், எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான். காப்பிக் கடையில் இப்போதும் என்னைப் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அல்லாவா, ஒன் காந்தத்தக் கேட்டுச் சொல்லு, ரொட்டி வாங்க அக்கரைக்குப் போலாமா வேணாமா என்கிறார்கள். அது போகட்டும். மெஸ்ஊதின் நாற்பதாம் நாள் குஸ்குஸ் சாப்பாடு தெருவில் எல்லா வீட்டுக்கும் போனது, நம் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போய்விட்டது. உம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது.

இப்போது வேறொரு வடத்தில் இழுப்பு விழுகிறது. இது பழைய வடம், மாற்றாதது, கணக்கும் அதன் சொந்த இரும்புக்குப் போட்டது. வெயிலிலும் படித்தோம், குளிரிலும் படித்தோம், சுருளையே மாற்றிப் பார்த்தோம், வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. மேலதிகாரி, விடுங்க அண்ணே, இதுவும் பொய்யாப் போனா ஊர்ல தல காட்ட முடியாது, பெருநாள் முடியட்டும் என்றார். பெருநாளன்று அந்தப் பாலத்தில் எத்தனை பிள்ளைகள் நிற்கும் என்று உனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மூடுகிறார்கள். அதற்கு முன் மெஸ்ஊதின் மனைவி ஹூரியாவிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை, நின்றபடியே கேட்டாள். மூடுங்க, ஆனா இந்தத் தடவ அது நெசமாவே கெட்டிருக்கணும், இதுவும் சும்மான்னா நீங்க என் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ வரும்போது கீழ்ச்சாலை வழியாக வா, பாலம் மூடியிருக்கும். தெருவில் யாராவது குத்திப் பேசினால் பதில் பேசாதே. பேரனுக்கு இருமல் விட்டதா? அங்கே பனியில் தலையை மூடாமல் அனுப்பாதே. உம்மாவுக்கு அடிக்கடி போன் செய், அவள் யாரோடும் பேசுவதில்லை. உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே மகளே. இந்தப் பாலத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் துஆ கேட்டவன் நான். இப்போது ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்து, அந்த வடம் உள்ளே அறுந்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன். நீயும் எனக்காக அதையே கேள்.

உன் வாப்பா
அல்லாவா
கான்ஸ்டன்டைன்