எருமை மன்னித்த ஒன்றரை நிமிஷம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு முதுகுவலி பரவாயில்லை. பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் இதைக் கடிதமாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது. காரணம் போகப் போக உனக்கே புரியும்.

ஞாயிற்றுக்கிழமை உன் கார்ட்டூன் படத்துக்குக் குடும்பத்தோடு போனோம். கதையும் நீயே எழுதியதாமே. திரையில் மாமா பெயரைப் பார்க்க வேண்டும் என்று சின்னவன் காலையிலிருந்தே குதித்துக்கொண்டிருந்தான்.

சமையல்காரி ஆக ஆசைப்படும் எருமை. முதல் காட்சியிலேயே அது கரண்டியைச் சாய்த்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, கண்ணை மூடி, இடது காலைத் தூக்கிக்கொண்டு ருசி பார்த்தது. தியேட்டரே சிரித்தது. சின்னவன், "அம்மா, இது நீதாம்மா!" என்று கத்த, முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். சின்ன வயதில் என்னை எருமை என்றுதானே கூப்பிடுவாய். என் காலைத் தூக்கி உன் பிழைப்பு நடக்கிறது என்றால் நடக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

பிறகு எருமை ஒரு ஓட்டலில் வேலை கேட்டுப் போய் சூப் வைத்துக் காட்டியது. தலைமைச் சமையல்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கரண்டியைக் கீழே வைத்தார். அது எனக்கு நடந்தது. உன்னிடம் மட்டும் சொன்னது. அப்போது எனக்கு இருபத்தொன்று, உனக்குப் பன்னிரண்டு. வேலைக்கான ஆர்டர் தபாலில் வரும் என்று ஒரு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. உப்பைக் கூட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று அழுதபோது, பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தவன் நீ.

ஆனால் அடுத்த காட்சி நான் சொன்னதில்லை. தபால்காரர் கொடுத்த பழுப்பு உறையை எருமையின் தம்பிக் கன்று வாங்கி, அலமாரியின் கீழ்த்தட்டில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் செருகியது. அக்கா வேலைக்குப் போய்விட்டால் படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்கும் தனக்கும் யார் சமைத்துப் போடுவார்கள் என்று அதற்குப் பயமாம்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். அம்மா போனபிறகு அதை நான்தானே எடுத்து வந்தேன். பழைய காகிதத்தை எடுக்காமல் அதன்மேலேயே புதிதை விரிப்பது நம் வீட்டுச் சோம்பேறித்தனம். ஒவ்வொன்றாக உரித்தேன். ஒன்பதாவது தாளுக்கு அடியில் இருந்தது. பிரித்துப் படித்திருக்கிறாய். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலையில் சேர வேண்டுமாம். ஓரத்தில் தலைமைச் சமையல்காரர் பேனாவால் எழுதிய ஒரு வரி: அந்த சூப்பை முதல் நாளே செய்ய வேண்டும்.

பாவி, இருபது வருஷம்டா! இருபது வருஷமாக உப்பு டப்பாவைத் திறந்தாலே என் கை தயங்குகிறது. உன் அத்தான் தினமும் மேலே உப்பைத் தூவிக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

பன்னிரண்டு வயதில் நீ செய்தது பயத்தில் செய்தது. அதை நான் புரிந்துகொள்வேன். முப்பத்திரண்டு வயதில் செய்ததுதான் நெஞ்சை அறுக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உலகத்துக்கே சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டாய். நான் டிக்கெட் எடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "ஒரு சர்ப்ரைஸ் இருக்குக்கா, அவசியம் பாரு" என்று போனில் சொன்னாயே, இதுதானா அது? அம்மாவை விட்டுவிட்டு நான் அப்போது போயிருப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவள் நான்.

படத்தில் எருமை உறையைக் கண்டெடுத்ததும் கன்றைக் கட்டிப்பிடித்து மன்னித்துவிடுகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். மொத்தம் ஒன்றரை நிமிஷம் இருக்கும். என்னால் அவ்வளவு வேகமாக முடியாதுப்பா.

நேற்று மதியம் அந்த சூப்பை வைத்தேன். கை போன போக்கில் உப்பு போட்டேன். சாப்பாட்டு மேசையில் யாரும் உப்பு டப்பாவைத் தேடவில்லை. நான்தான் என் கிண்ணத்தைத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

லீவு கிடைத்ததும் வா. இன்னொரு படம் எடுத்துக் காட்டாதே. என் அடுப்பங்கரையில், என் எதிரே நின்று, உன் வாயால் சொல். அதுவரை வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும், கிடைத்தது என்று ஒரு வரி எழுதிப் போடு. பதில் வராவிட்டால் தப்பு என்மேல்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இனி என்னால் ஆகாது.

இன்னமும் உனக்கு அக்காவாகவே இருக்கும்,
அக்கா