வல்லாரைக்குச் சான்று

வடக்குத்து,
புதன்கிழமை.

அன்பு மகள் சரிதாவுக்கு அப்பா எழுதுவது. அம்மா சாப்பிட்டுத் தூங்குகிறாள். எனக்கு முட்டிவலிதான். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நீ ஐதராபாத்திலிருந்து அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை அகராதி வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். மைன்ஸில் மெஷின் ஓட்டியவனுக்குப் புரியாது என்று நினைத்திருப்பாய். வல்லாரை எலிகளுக்குப் பலன் தந்திருக்கிறது. மனிதர்களிடம் செய்த சோதனைகள் சிறியவை. அதிலும் பலர் மறதி நோய் இல்லாதவர்கள். ஆகவே போதிய சான்று இல்லை என்கிறார்கள். பலன் இல்லை என்று எங்கே எழுதியிருக்கிறது? யாரும் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் பார்க்கிறேன்.

அம்மாவின் மறதிக்கான மாத்திரையை நிறுத்தவில்லை. டாக்டரிடம் கேட்டுத்தான் வல்லாரைப் பொடியும் கொடுக்கிறேன். "குடுங்க, ஆனா ஞாபகம் திரும்பும்னு நம்பிகினு இருக்காதீங்க" என்றார். சின்னப் பையன்.

நேற்று நடந்ததைப் பக்கத்து வீட்டுப் பிரபாவதி உன்னிடம் சொல்லி அழுதாளாம். நான் குளிக்கும்போது ஷிப்ட் சங்கு ஊதியது. அம்மா டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்புக்கு நடந்துவிட்டாள். நான் ரிடையர் ஆனதும் நாம் காலி செய்த குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்றிருக்கிறாள். அங்கே எல்லா வீடும் ஒரே அச்சு. நானே நைட் ஷிப்ட் முடிந்து வேறு வீட்டுக் கதவைத் தட்டி ஏச்சு வாங்கியவன். அவள் யாரையும் கேட்காமல் சரியான வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிரபாவதி, தொலைந்து போனாள் என்கிறாள். நான், கண்டுபிடித்தாள் என்கிறேன். இது சான்றில் சேருமா, சேராதா?

பிரபாவதிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நான் கூப்பிடப் போனபோது அந்த வீட்டுப் பெண் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தாள். என்னைப் பார்த்து அம்மா எழுந்து நின்றாள். "நீங்க யாருங்க? எங்க வூட்டுக்காரரு ஷிப்ட் முடிஞ்சி வர்ற நேரம். அப்புறமா வாங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நானும் படியில் உட்கார்ந்து அந்த ஆளுக்காகக் காத்திருந்தேன். கடைசியில், "உங்க வூட்டுக்காரருதான் என்னை அனுப்பினாருங்க" என்று சொன்ன பிறகே ஆட்டோவில் ஏறினாள்.

அவளை ஹோமில் சேர்க்கும் பேச்சை இனி எடுக்காதே. பொடியையும் நிறுத்த மாட்டேன்.

லீவு போட்டு வா. போனில் உன் குரல் கேட்டால் இன்னும் "சரிதாவா?" என்கிறாள். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைக் காட்டி, நான் யார் என்று சொல். நீ சொன்னால் நம்புவாள்.

நன்றாக இரு, மகளே.

உன் அப்பா,
கண்ணையன்