ஏகாதசியில் இரண்டு முட்டை

செவ்வாய், ஏகாதசி இரவு

நாளை ராணுவத் தேர்வு ஓட்டம். இன்று கொள்ளிடக் கரையில் ஓடி முடித்ததும் பயிற்சி மாஸ்டர், "எடை பத்தலைம்மா, சாப்பிடுங்க" என்று இரண்டு அவித்த முட்டை கொடுத்தார். மறுக்கத் தெம்பில்லை. தின்றுவிட்டேன்.

வீட்டில் அம்மா எனக்காகத் தண்ணீர்கூடத் தொடாத உபவாசம். நானும் இருப்பதாக நம்புகிறாள். சாயங்காலம் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன்.

"ஓடப்போற குழந்தை நீயே ஒண்ணும் தொடாம இருக்கே. நான் மட்டும் குடிப்பேனாடி?" என்று தள்ளிவிட்டாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் குடித்திருப்பாளா? அதன்பின் என் முகத்தில் விழிப்பாளா?

செம்பு என் மேஜையில்தான் இருக்கிறது. தாகமாக இருக்கிறது. பக்கத்து அறையில் அம்மா இன்னும் தூங்கவில்லை. ஒரு மடக்கு குடித்தாலும் அவளுக்குக் கேட்கும்.