யோலாவின் படம் இருந்த கார்டு

அன்புள்ள ருஃபினா அக்காவுக்கு,

இந்தத் தாளை யாரிடமும் காட்டிவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உன் அறையில் தங்கியிருக்கும் அந்தக் கொச்சபம்பாக்காரப் பெண்ணிடம்கூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது அப்பா என் தோளை ஒட்டித்தான் நிற்பார், அவரிடமும் வாய் தவறி எதுவும் சொல்லிவிடாதே. உறைக்குள் இருக்கும் முதல் இரண்டு தாள் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது. வீட்டில் எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோம், வலென்சியாவில் குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள், நீ பார்த்துக்கொள்ளும் பெரியவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு நீயும் நேரத்துக்குச் சாப்பிடு என்றெல்லாம் இருக்குமே, அது எல்லோருக்கும் உள்ள கடிதம். இந்த மூன்றாவது தாள் உனக்கு மட்டும். வீட்டில் எல்லோரும் சுகம் என்று அப்பா சொன்னபோது தாளைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்து எழுதினேன், அந்த வரி கோணலாக இருப்பதைப் பார்த்திருப்பாய்.

அப்பா படம் கழுவும் இருட்டறைக்குள் சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வேறு எந்த அறையில் விளக்கு எரிந்தாலும் அம்மா எழுந்து வந்துவிடுவாள். இந்தக் கதவைத் தட்டாமல் திறக்கும் வழக்கம் நம் வீட்டில் யாருக்கும் இல்லை என்பது உனக்குத் தெரியும். வாத்தியார் மகள் மார்லேனி உன் வலென்சியாவுக்கு விமானம் ஏற விடிகாலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள், அவள் கையில்தான் இந்தக் கடிதம் வருகிறது. தபாலில் போட்டால் ஒரு மாதம் ஆகும், என்னிடம் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது.

உனக்கு அந்தப் புதுக் கேமராவைப் பற்றி எழுதியிருந்தேன். ஃபெர்மின் மாமா எல்லை தாண்டி சிலியின் இக்கிக்கே சந்தையிலிருந்து ஏப்ரலில் கொண்டுவந்தது. டப்பா இல்லாமல் வந்தது, கூட ஒரு தடித்த புத்தகம் வந்தது. புத்தகம் நம் மொழிதான், ஆனால் அது இந்தக் கேமராவுக்கு உரிய புத்தகம் இல்லை. அதன் படத்தில் ஏழு பொத்தான் இருக்கிறது, நம்முடையதில் ஒன்பது. கேமராவுக்குள் வரும் மெனு முழுக்கச் சீன எழுத்து. மொழியை மாற்ற முப்பத்தொன்றாம் பக்கம் பார் என்கிறது, அங்கே போனால் மெனுவில் 'மொழி' என்ற வரியைத் தேர்ந்தெடுக்கவும் என்று இருக்கிறது. அந்த வரியைப் படிக்கத் தெரிந்தால் மொழியை ஏன் மாற்றுகிறோம். அப்பா அன்றைக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதை எழுதினவன் ஜென்மத்துல ஒரு போட்டோ எடுத்திருக்க மாட்டான்" என்றார். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "நீங்க கல்யாணம் கட்டினது என்னையா, அந்தப் பெட்டியையா, சொல்லிடுங்க, நான் என் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். பிறகு நானும் அப்பாவும் ஒரு நோட்டு போட்டோம். ஒவ்வொரு சீன எழுத்தையும் வரைந்து அதற்கு நாங்களே பேர் வைத்தோம். ஏணி, காலுடைந்த நாற்காலி, குடைக்குள் ஆள், செத்த சிலந்தி. ஏணியை அமுக்கினால் ஃபிளாஷ். நாற்காலி என்றால் படம் பெரிதாகும். சிலந்தி எதற்கென்று தெரியவில்லை, அதனால் தொடக்கூடாது என்று சிவப்புப் பேனாவால் எழுதி வைத்தோம். ஒரு படத்தை அழிக்கட்டுமா என்று அது கேட்கும்போது இரண்டு வரி வரும், மேலே இருப்பது வேண்டாம், கீழே இருப்பது சரி. அதையும் எழுதி வைத்திருந்தோம். இதை நினைவில் வைத்துக்கொள், இதில்தான் நான் மோசம்போனேன்.

சபினா அம்மாளின் மகள் யோலா ஆகஸ்டில் இறந்துபோனதை அப்போதே எழுதினேன். ஒன்பது வயது. காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது, ஒரூரோ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவள் முகம் தெரியும் படம் அவர்கள் வீட்டில் எதுவும் இல்லை. பள்ளிக்கூடப் படத்தில் முன்னால் நிற்பவனின் தொப்பி அவள் முகத்தை மறைத்திருக்கிறது. ஜூனில் சான் பேத்ரோ திருவிழாவன்று ஆட்டத்துக்கு நின்றபோது அப்பா இந்தக் கேமராவில் எடுத்தாரே, அது ஒன்றுதான். மஞ்சள் பாவாடை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்பல் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த மாதத் தொடக்கத்தில் சபினா நம் வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை. "அண்ணே, எம்பொண்ணு இந்த வருஷந்தான் முதல் தடவையா ஆத்மாவா வரா. வழி பழக்கமில்லை. படையல் மேசையில அவ முகம் இருந்தா அதைப் பாத்து வந்துடுவா. இல்லைன்னா எந்த வீட்டுக்குப் போய் நிப்பாளோ" என்றாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணாந்தேதி புதன்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு முன்னாடி படம் உன் மேசையில இருக்கும் சபினா, சட்டம் போட்டுத் தரேன்" என்று வாக்குக் கொடுத்தார். நவம்பர் ஒன்றாம் தேதி மத்தியானம்தானே ஆத்மாக்கள் வருவது, அதற்குப்பின் படம் கிடைத்து என்ன பயன்.

ஜூனில் எடுத்த படத்தை அக்டோபர் வரை ஏன் கழுவவில்லை என்று நீ கேட்பாய். அப்பா ரோல் முடியட்டும் என்று காத்திருந்தார் அக்கா. கேமராவின் மூலையில் இன்னும் அறுநூற்றுப் பன்னிரண்டு படம் பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்தது. "பாதி ரோலை எவனாவது கழுவக் குடுப்பானா, மீதி ஃபிலிம் வீணாப்போகுமே" என்றார். இதில் ஃபிலிம் இல்லை அப்பா என்று நான் சொன்னேன். "எல்லாத்துலயும் ஏதோ ஒரு ஃபிலிம் இருக்கும், இல்லைன்னா படம் எதுல ஒட்டும்" என்றார்.

போன திங்கட்கிழமை ஒரூரோவுக்குப் போய்ப் படத்தைப் போட்டு வருகிறேன் என்று கிளம்பினார். மெமரி கார்டை வெளியே எடுக்க வேண்டும். வெளிச்சத்தில் எடுக்கக்கூடாது, இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடு என்று என்னிடம் கொடுத்தார். அவர் விரல் தடிப்பு, அந்தச் சின்ன மூடி அவருக்குத் திறக்காது. இதே இடத்தில்தான் நின்றேன், இதே பல்பு. கார்டை எடுக்குமுன் யோலாவை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வேறொன்றுமில்லை, பார்க்கத்தான். சிவப்பு வெளிச்சத்தில் பொத்தான் மேலிருக்கும் குறி தெரியவில்லை, தடவி அமுக்கினேன். படம் வரவில்லை, மெனு வந்தது. வெளியே வர இன்னொன்றை அமுக்கினேன், அதற்குள் இன்னொரு மெனு திறந்தது, அதன் உச்சியில் சிலந்தி. அப்பா வெளியே நின்று, "என்னம்மா இவ்வளவு நேரம், பஸ் போயிடும்" என்றார். எனக்குப் பதற்றமாகி நடுப் பொத்தானை அமுக்கிவிட்டேன். இரண்டு வரியில் ஏதோ கேட்டது. மேலே இருப்பது வேண்டாம் என்றுதானே எங்கள் நோட்டில் இருக்கிறது, மேலே இருப்பதை அமுக்கினேன். அந்த இடத்தில் மட்டும் மேலே இருப்பது சரி போலிருக்கிறது. ஒரு சின்ன வட்டம் சுற்றிற்று. பிறகு திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரே ஒரு வரி எழுத்து. எத்தனை அமுக்கினாலும் அதே வரி. அந்த வரி மட்டும் எனக்குப் படிக்காமலே புரிந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கார்டை எடுத்துக் காலி ஃபிலிம் டப்பாவில் போட்டு மூடி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை மேல்சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "கெட்டிக்காரி" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வந்தபோது முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கடைப் பையன் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே பெரியவரே" என்றானாம். அப்பா ஏன் என்று கேட்கவே இல்லையாம், எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏனென்றால் அவருக்கே காரணம் தெரியுமாம். போகும்போது பஸ்ஸில் டப்பாவைத் திறந்து கார்டு இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்தாராம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாராம், நல்ல வெயிலாம். "நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், கத்துக்குட்டிகூட பண்ணாத தப்பைப் பண்ணிட்டேன், குழந்தை மேல வெயிலை விட்டுட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முதலில் அதெல்லாம் இருக்காது என்றாள். ஆனால் அப்பா அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து ஆறாம் பக்கத்தைக் காட்டினார். எச்சரிக்கை என்று போட்டு, நேரடி வெயில் படும்படி வைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகம் முழுக்க அவருக்குப் புரிந்த வரி அது ஒன்றுதான். அதைப் பார்த்ததும் அம்மாவும் நம்பிவிட்டாள்.

மூன்று நாளாகச் சாப்பாடு சரியில்லை. கேமராவைத் தொடுவதில்லை, கார்டைத் திரும்ப அதில் போட்டு அலமாரியில் வைத்ததோடு சரி. நேற்று ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டார்கள், பழைய கேமராவை எடுத்துக்கொண்டு போனார். ராத்திரியெல்லாம் புத்தகத்தைப் புரட்டுகிறார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பார் என்றால் அங்கே போகிறார், அது நாற்பத்தேழுக்கு அனுப்பினால் அங்கே வருகிறார். வெயில் பட்ட படம் திரும்புமா என்று தேடுகிறார் அக்கா. புத்தகத்தில் அப்படி ஒன்று எப்படி இருக்கும். சனிக்கிழமை காலையில் சபினா வீட்டுக்குப் போய்த் தன் வாயாலேயே சொல்லிவிடப் போகிறாராம். அம்மா, "கொஞ்சம் பொறுங்க, அவ இப்பத்தான் படையல் ரொட்டிக்கு மாவு சேத்துட்டிருக்கா" என்றதற்கு, "எம்மேல தப்பை வச்சுக்கிட்டு அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்றார். நான் அதே மேசையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

இனி உன்னால்தான் ஆகவேண்டும். மார்லேனியின் அப்பா, எங்கள் வாத்தியார், நேற்று வகுப்பில் கம்ப்யூட்டர் பற்றிப் பேசும்போது நான் கையைத் தூக்கி, அழிந்துபோனது திரும்ப வருமா என்று பொதுவாகக் கேட்டேன். அழித்தாலும் சில சமயம் அடியிலேயே கிடக்கும், அதன்மேல் வேறு ஏதும் பதியாமல் இருந்தால் எடுக்கத் தெரிந்தவர்கள் எடுப்பார்கள், ஆனால் அப்படிப்பட்டவன் ஒரூரோவில் இருப்பதாகத் தனக்குத் தெரியாது என்றார். திங்கட்கிழமைக்குப் பிறகு அதில் ஒரு படம்கூட எடுக்கவில்லை, அது சத்தியம். நீ வேலை பார்க்கும் வீட்டுப் பெரியவரின் மகன் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர், நல்ல மாதிரி, உன்னிடம் மரியாதையாகப் பேசுவார் என்று ஈஸ்டருக்கு எழுதியிருந்தாய். அவரிடம் கேள். கார்டை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். கறுப்புத் தாளில் சுற்றி இந்த உறைக்குள் வைக்கிறேன். படம் கிடைத்தால் வாத்தியாருக்கு மெயிலில் அனுப்பச் சொல், அவர் முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. யோலாவின் படம் ஒன்று போதும், மற்றது எதுவும் வேண்டாம். அவரிடம் கூச்சப்பட்டு நிற்காதே, நேராகக் கேள். அவர் கார்டைப் பார்த்த பிறகு வரும் ஞாயிறு போனில், படம் கிடைக்கும் என்றால் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கோ என்று சொல். கிடைக்காது என்றால் நன்றாகப் படி என்று சொல், எனக்குப் புரிந்துவிடும்.

கார்டை எடுத்தபோது இருந்த தைரியம் இப்போது இல்லை. அப்பா அலமாரியைத் திறந்து பார்த்தால் என்ன சொல்வேன். சனிக்கிழமை அவர் சபினா முன்னால் போய் நின்று வெயில் வெயில் என்று சொல்லும்போது நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேனா. படம் திரும்பி வந்தாலும் அந்த ஒரு வார்த்தை அவர் சொன்னது சொன்னதாகவே இருக்குமே. அடிப்பார் என்று பயமில்லை, அப்பா என்றைக்கு அடித்தார். கெட்டிக்காரி என்று தலையைத் தடவிய கையை எடுத்துக்கொள்வாரோ என்றுதான் பயம். முன்தாளில் அப்பா சொன்ன ஆசீர்வாதத்தை நான் அப்படியே எழுதியிருக்கிறேன், கடவுள் உன் கையையும் காலையும் காக்கட்டும், நீ நடக்கும் தெரு உனக்கு இரங்கட்டும் என்று. சொல்லி முடித்துவிட்டு, "உன் பேரையும் கடைசியில போடும்மா, நீதானே எழுதின" என்றார். என் பேரைப் போட எனக்கு மனசு வரவில்லை, அவர் பேரை மட்டும் எழுதி மடித்துவிட்டேன். உன் இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் எடுத்துக்கொள் என்று அம்மா சொல்லச் சொன்னாள், மறந்துவிட்டேன், இங்கே எழுதுகிறேன்.

கூடத்தில் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. யாரோ நடக்கிறார்கள்.

கதவைத் தட்டுகிறார். அப்பாதான். "நில்டா, உள்ளயா இருக்க? ஏதாவது கழுவிட்டிருந்தா திறக்காதம்மா, வெளிச்சம் பட்டுடும். ஒண்ணுமில்ல, கார்டைக் காணலை. நான்தான் எங்கயோ தொலைச்சுட்டேன் போல" என்கிறார். அதையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் அக்கா. நான் கதவைத் திறக்கிறேன்.